ஓபிடி ஸ்கேனர் கேபிள் எட்டலையா? மூணு மீட்டர் எக்ஸ்டென்ஷன் நாமளே போடலாம்

பானெட்டைத் தூக்கி வச்சு இன்ஜெக்டர் கனெக்டரை ஒரு கையால ஆட்டிப் பாக்கணும், அதே நேரம் ஓபிடி ஸ்கேனர்ல, அதாவது வண்டியோட கம்ப்யூட்டரப் படிக்கிற கருவில, லைவ் டேட்டா குதிக்குதான்னும் பாக்கணும், ஆனா ஸ்கேனர் டிரைவர் சீட்ல படுத்துக் கெடக்கும். கம்பெனி குடுக்குற கேபிள் ஒண்ணு, ஒன்றரை மீட்டர்தான் இருக்கும். வண்டில சாக்கெட் ஸ்டியரிங்ல இருந்து ரெண்டு அடிக்குள்ள இருக்கணும்னு ஓபிடி சாக்கெட்டுக்கான ஜே1962 ஸ்டாண்டர்டுலயே இருக்கு, அதனால நம்ம ஊர் கார்ல எல்லாம் வலது பக்கம் டேஷ்போர்டுக்கு அடியில, பெடலுக்கு மேல எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். அங்க இருந்து இன்ஜின் வரைக்கும் கேபிள் வரவே வராது. பட்டறைல பையன் ஒருத்தன் இருந்தா "டேய் ஃப்யூயல் ரயில் பிரஷர் எவ்ளோடா காட்டுது"ன்னு கத்திக் கேக்கலாம், ஒத்தையா வேலை பாக்குறவன் என்ன பண்ணுவான்.

ப்ளூடூத் ஒண்ணு வாங்கிக்கோயேன்னு சொல்லுவாங்க. வாங்கலாம், நானும் வச்சிருக்கேன், ஃபால்ட் கோடு மட்டும் பாக்க அது போதும். ஆனா மலிவு அடாப்டர்ல நாலஞ்சு டேட்டாவ ஒண்ணா போட்டா திணறிக்கிட்டு ஒரு செகண்ட் கழிச்சுதான் நம்பர் மாறும், கனெக்டரை ஆட்டினதுக்கும் நம்பர் மாறினதுக்கும் சம்பந்தமே தெரியாது. கையில நல்ல ஹேண்ட்ஹெல்டு ஸ்கேனர் இருக்குன்னா அதுக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போடுறதுதான் சரி.

ரெடிமேடா கடைல கிடைக்குமே, எதுக்கு சால்டரிங்னு கேப்பீங்க. நானும் முதல்ல வாங்கினேன், தட்டையா ரிப்பன் மாதிரி அஞ்சு மீட்டர் கேபிள், பாக்க அழகா மடிஞ்சு கெடக்கும். ஒரு டீசல் வண்டி வந்துச்சு, ஸ்டார்ட் ஆகல, ஸ்கேனர் போட்டா ஒரு தடவை லிங்க் ஆகும், அடுத்த தடவை லிங்க் எரர், செல்ப் அடிச்ச உடனே ஸ்கேனரே ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆகும். நான் ஓனர்கிட்ட "அண்ணே, ஈசியூல பிரச்சனை இருக்கும்போல"ன்னு வாய் விட்டுட்டேன், ஈசியூன்னா இன்ஜினோட கம்ப்யூட்டர். மத்தியானம் சாப்பிட்டுட்டு வந்து எதுக்கும் பாப்போம்னு எக்ஸ்டென்ஷனக் கழட்டிட்டு நேரா குத்தினா ஸ்கேனர் கல்லு மாதிரி நிக்குது. ஈசியூல ஒண்ணுமே இல்ல, கிராங்க் சென்சார் கனெக்டர்ல பச்சை பிடிச்சிருந்துச்சு, அவ்ளோதான். அந்த ஓனர் இன்னிக்கும் என்னப் பாத்தா "என்ன தம்பி, ஈசியூ எப்படி இருக்கு"ன்னுதான் கேப்பாரு.

அந்தக் கேபிளை அன்னிக்கே அறுத்துப் பாத்தேன். உள்ள ஒயரு முடி மாதிரி இருக்கு, எல்லாம் பக்கத்துல பக்கத்துல நேரா ஓடுது, முறுக்கே கிடையாது. ரெண்டு தப்பும் அதுலயே இருக்கு.

முதல் தப்பு பவர் லைன். 28 கேஜ் ஒயருன்னா மீட்டருக்கு 0.2 ஓம்ஸுக்கு மேல ரெசிஸ்டன்ஸ். மூணு மீட்டர் கேபிள்னா போக வர ஆறு மீட்டர், சுமாரா 1.3 ஓம்ஸ் ஆச்சு, டேப்லெட் சைஸ் ஸ்கேனர் ஒரு ஆம்பியர் இழுத்தா 1.3 வோல்ட் கேபிளே தின்னுடும், அஞ்சு மீட்டர்னா இன்னும் மோசம். வண்டி சும்மா நிக்கிறப்போ 12.5 வோல்ட் இருக்குறதால ஒண்ணும் தெரியாது. செல்ப் அடிக்கிறப்போ பேட்டரி 10க்கு கீழ போகும், அதுல இதையும் கழிச்சா ஸ்கேனருக்கு எட்டரை கூட மிஞ்சாது, படுத்துடும். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்குதானே ஸ்கேனரே போடுறோம், அந்த நேரத்துல அது படுத்தா எதுக்கு.

ரெண்டாவது தப்பு கேன் லைன், அதாவது வண்டில இருக்குற கம்ப்யூட்டருங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற ரெட்டை ஒயரு. 6ம் பின் கேன் ஹை, 14ம் பின் கேன் லோ. இந்த ரெண்டுலயும் ஒண்ணு மேல ஏறுறப்போ இன்னொண்ணு கீழ இறங்கும், ஸ்கேனர் பாக்குறது ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்த மட்டும்தான். ரெண்டு ஒயரும் ஒண்ணோட ஒண்ணு முறுக்கி இருந்தா இக்னிஷன் காயில்ல இருந்து வர்ற நாய்ஸ் ரெண்டுலயும் சமமா ஏறும், வித்தியாசம் மாறாது, அதனால டேட்டா கெடாது. தட்டை கேபிள்ல 6ம் 14ம் எங்கெங்கயோ தள்ளித் தள்ளி ஓடுறதால ஒண்ணுல நாய்ஸ் அதிகம் ஒண்ணுல கம்மின்னு ஏறும், 500 கேபிபிஎஸ் வேகத்துல அது போதும் டேட்டா கெட. அந்த மாதிரி மலிவு கேபிள் சிலதுல 16 பின்னும் வெளிய இருக்கும், உள்ள ஒன்பது பின்னுக்குதான் ஒயரே போட்டிருப்பான், அது வேற.

அதனால நாம போடப் போற கேபிள்ல பவருக்கு தடிமனான ஒயரு, கேனுக்கு முறுக்கின ஜோடி, இந்த ரெண்டும் கண்டிப்பா வேணும்.

நீளம் எவ்ளோ போகலாம்? கேன் வழியா ஓபிடி பேசுறதுக்கான ஐஎஸ்ஓ 15765-4ல ஸ்கேனர்ல இருந்து வண்டி சாக்கெட் வரைக்கும் அதிகபட்சம் 5 மீட்டர்னு இருக்கு. இது எக்ஸ்டென்ஷன் மட்டும் இல்ல, ஸ்கேனரோட சொந்த கேபிளையும் சேத்து. ஸ்கேனர் கேபிள் ஒன்றரைன்னா எக்ஸ்டென்ஷன் மூணு போடுங்க, நாலரைல நிக்கும். ஒரு எக்ஸ்டென்ஷன்ல இன்னொரு எக்ஸ்டென்ஷனக் குத்தி எட்டு மீட்டர் இழுக்குறவங்களையும் பாத்திருக்கேன், ஒரு வண்டில ஓடும், அடுத்த வண்டில ஓடாது, அப்புறம் வண்டியத் திட்டுவாங்க. பழைய கே-லைன் வண்டின்னா, அதாவது 7ம் பின்ல பேசுறது, அது 10.4 கேபிபிஎஸ்தான், மாட்டு வண்டி வேகம், நீளத்தப் பத்தி ரொம்ப அலட்டிக்காது. ஆனா ரெண்டுக்கும் ஒரே கேபிள்தானே போடப் போறோம், அதனால அஞ்சு மீட்டர் கணக்கையே வச்சுக்கோங்க.

இப்போ சாமான். ஓபிடி ஆண் பிளக் ஒண்ணு, பெண் சாக்கெட் ஒண்ணு, ரெண்டும் சால்டர் பண்ற மாதிரி, மேல மூடி ஸ்க்ரூ போட்டது. சென்னைக்காரங்க ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு சுத்து சுத்தினா கிடைச்சுடும், மத்தவங்க ஆன்லைன்தான். சிக்னலுக்கு மூணு மீட்டர் லேன் பேட்ச் கார்டு ஒண்ணு, ரெண்டு முனையையும் வெட்டிடலாம், உள்ள நாலு ஜோடி ஏற்கனவே முறுக்கியே இருக்கும். வீட்டுக்கு ஒயரிங் இழுக்குற லேன் ரோல்ல இருந்து வெட்டாதீங்க, அதுல ஒத்தைக் கம்பி, நாலு தடவை மடக்கினா உள்ளுக்குள்ளயே ஒடிஞ்சுடும், பேட்ச் கார்டுலதான் பிரி பிரியா இருக்கும். இன்னொண்ணு, மேல செம்பு பூசின அலுமினியக் கம்பிய செம்புன்னு சொல்லி விக்கிறாங்க, பிளேடால லேசா சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா தெரிஞ்சா கடைக்காரர்கிட்டயே குடுத்துடுங்க. அதுல ஈயமும் ஒழுங்கா ஒட்டாது, ஒட்டினாலும் ரெண்டு மாசத்துல ஜாயிண்ட் பக்கம் ஒடியும். பவருக்கு டேபிள் ஃபேனுக்கு போடுற மாதிரி ரெண்டு கோர் 0.5 ஸ்கொயர் எம்எம் ஃப்ளெக்சிபிள் ஒயரு. மூணு மீட்டருக்கு போக வர 0.25 ஓம்ஸ் கூட வராது, ஒரு ஆம்பியருக்கு கால் வோல்ட்தான் போகும், செல்ப் அடிச்சாலும் ஸ்கேனர் அசையாது. அப்புறம் ஒரு பியூஸ் ஹோல்டர், 2 ஆம்பியர் பியூஸ், சின்ன சைஸ் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், ரெண்டு கேபிளையும் சேத்து சுத்த ஸ்பைரல், கேபிள் டை. மல்டிமீட்டர் இல்லாம இந்த வேலைல இறங்கவே கூடாது.

ஒயரு எது எந்த பின்னுக்குன்னு நான் போடுற கணக்கு சொல்றேன். ஃபேன் ஒயர்ல சிவப்பு 16க்கு, அது பேட்டரி ப்ளஸ், சாவி போடலைனாலும் கரண்ட் இருக்கும். கருப்பு 4க்கு, அது பாடி எர்த். லேன்ல நீல ஜோடி கேனுக்கு, நீலம் 6, வெள்ளை நீலம் 14. ஆரஞ்சு ஜோடில ஆரஞ்சு 7க்கு, வெள்ளை ஆரஞ்சு 5க்கு, 5ங்கிறது சிக்னல் எர்த், கே-லைன எர்த்தோட சேத்து முறுக்கின மாதிரியும் ஆச்சு. பச்சை ஜோடி 3, 11. இது எதுக்குன்னா ஃபோர்டு வண்டி, பிகோ, எக்கோஸ்போர்ட் மாதிரி, அதுல பாடி சைடு மாடியூல் எல்லாம் பேசுற இன்னொரு கேன் இந்த ரெண்டு பின்லதான் 125 கேபிபிஎஸ்ல ஓடும், மறைமலை நகர் ஃபேக்டரிய மூடினாலும் வண்டி இன்னும் ரோட்ல நெறைய ஓடுதே. பழுப்பு ஜோடிய நான் 12, 13ல போட்டு வச்சிருக்கேன். மொத்தம் பத்து ஒயரு, நம்ம ஊர்ல வர்ற பெரும்பாலான கார் இதுலயே முடிஞ்சுடும்.

4ம் 5ம் ரெண்டும் எர்த்துதானே, ஒரே ஒயர்ல முடிச்சுடலாமேன்னு தோணும். வேண்டாம். 4ல ஸ்கேனர் இழுக்குற கரண்ட் முழுசா திரும்பிப் போகுது, அந்த ஒயர்ல கொஞ்சம் வோல்ட் ஏறும், 5 சும்மா அளவுக்கு நிக்கிற எர்த், அதுல கரண்ட் ஓடக்கூடாது. தனித்தனியாவே விடுங்க.

இப்போதான் எல்லாரும் கோட்டை விடுற இடம். பின் நம்பர். வண்டில இருக்குற பெண் சாக்கெட்ட நேரா பாத்தா, அகலமான பக்கம் மேல, இடதுல இருந்து வலது 1ல இருந்து 8, கீழ் வரிசை இடதுல இருந்து 9ல இருந்து 16. ஆண் பிளக்கோட பின் நீட்டிக்கிட்டு இருக்குற மூஞ்சிய பாத்தா இது கண்ணாடில தெரியிற மாதிரி திரும்பிடும், 1 வலது பக்கம் போயிடும். நாம சால்டர் பண்றது மூஞ்சில இல்ல, முதுகுல. அதனால ஆண் பிளக் முதுகுல 1 இடது பக்கம், பெண் சாக்கெட் முதுகுல 1 வலது பக்கம். தலை சுத்துதா, சுத்தும். பிளாஸ்டிக்லயே குட்டியா நம்பர் அச்சடிச்சிருப்பான், மொபைல்ல ஃபோட்டோ எடுத்து ஜூம் பண்ணிப் பாத்து, ஒரு மார்க்கர்ல ரெண்டு முதுகுலயும் 1 எங்க 16 எங்கன்னு புள்ளி வச்சுட்டு அப்புறம் ஈயத்தக் கையில எடுங்க. ஒரு பக்கம் கண்ணாடி மாதிரி மாறிடுச்சுன்னா என்ன ஆகும்னா 4ம் 5ம் தங்களுக்குள்ள இடம் மாறிக்கும், 16ல வர வேண்டிய பவர் 9க்குப் போயிடும், ஸ்கேனர் செத்த மாதிரி இருக்கும், பெரும்பாலும் எதுவும் எரியாது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் மாறினாலும் ஆபத்து, 12 வோல்ட் போகக்கூடாத பின்னுக்குப் போகும்.

சால்டர் பண்றப்போ ஒரு சின்ன தந்திரம். ஆண் பிளக்க பெண் சாக்கெட்டுக்குள்ள குத்தி வச்சுட்டு பண்ணுங்க. சூட்டுல பிளாஸ்டிக் இளகினாலும் பின் சாயாது, எதிர்ல இருக்குற சாக்கெட் புடிச்சு வச்சுக்கும். 25 வாட் அயர்ன் போதும், ஒரு பின்ல ரெண்டு மூணு செகண்டுக்கு மேல வைக்காதீங்க. முதல்ல ஒயர் முனைக்கும் பின்னுக்கும் தனித்தனியா ஈயம் பூசிட்டு அப்புறம் ரெண்டையும் ஒட்ட வச்சு ஒரு தொடு தொட்டா பளபளன்னு வழிஞ்சு உக்காரும், மங்கலா உருண்டையா நின்னா அது ஒட்டல, மறுபடி தொடணும். ஒவ்வொரு ஒயர்லயும் ஸ்லீவ முதல்லயே கோத்துடுங்க, எல்லாரும் சால்டர் முடிச்சுட்டுதான் "ஐயய்யோ ஸ்லீவு"ன்னு சொல்லுவோம், நான் இன்னும் சொல்லிட்டுதான் இருக்கேன். நீல ஜோடியோட முறுக்க ரொம்பப் பிரிக்காதீங்க, பின்னுக்குப் போக எவ்ளோ வேணுமோ, ஒரு இஞ்சு, அவ்ளோதான். மூடி மாட்டுறதுக்கு முன்னாடி கேபிள் உள்ள நுழையிற இடத்துல உள்பக்கமா ஒரு டை இறுக்கிப் போட்டுடணும், யாராவது காலு தடுக்கி இழுத்தா இழுவை அந்த டை மேல விழணும், சால்டர் மேல விழக்கூடாது.

பியூஸ சிவப்பு ஒயர்ல, ஆண் பிளக்குக்கு பக்கத்துல, அதாவது வண்டி பக்கம் போடணும். ஸ்கேனர் பக்கம் போட்டு பிரயோஜனம் இல்ல, நடுவுல கேபிள் நசுங்கி ஷார்ட் ஆனா பியூஸ் வரைக்கும் கரண்ட் வரவே வராது. பல வண்டில 16ம் பின்னும் சிகரெட் லைட்டரும் ஒரே பியூஸ்ல இருக்கும், நம்ம கேபிள் ஷார்ட் ஆனா அந்த பியூஸே போயிடும், கஸ்டமர்கிட்ட வண்டியக் குடுத்தா மறுநாள் "தம்பி, மொபைல் சார்ஜர் வேலை செய்யல"ன்னு வந்து நிப்பாரு. நம்ம 2 ஆம்பியர் போனா நம்மளோட போயிடும்.

கேன் லைனுக்கு 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் வைக்கணும்னு எங்கயாவது படிச்சுட்டு எக்ஸ்டென்ஷன்ல வைக்காதீங்க. வண்டிலயே ரெண்டு கோடியிலயும் ஒவ்வொண்ணு இருக்கு, ரெண்டும் சேந்து 60 ஓம்ஸ். நீங்க மூணாவதா ஒண்ணு வச்சா 40 ஆயிடும்.

டெஸ்ட் பண்ணாம எந்த வண்டிலயும் குத்தாதீங்க. மல்டிமீட்டர பீப்ல வச்சு ஆண் 16ல ஒரு முனை, பெண் 16ல ஒரு முனை, பீப் வரணும், அப்படியே பத்து பின்னும். பீப் வந்துச்சேன்னு அதோட விட்டுடாதீங்க, ஒவ்வொரு பின்னுக்கும் மத்த பின்னுக்கும் நடுவுல பீப் வரக்கூடாது, முக்கியமா 16க்கும் 4, 5க்கும், 6க்கும் 14க்கும். கேபிள ஆட்டிக்கிட்டே பாருங்க, மேஜை மேல சும்மா கெடக்குறப்போ எல்லா கேபிளும் நல்ல கேபிள்தான். அப்புறம் ஸ்கேனர் இல்லாம எக்ஸ்டென்ஷன மட்டும் வண்டில குத்தி அந்த முனைல 16க்கும் 4க்கும் வோல்ட் பாருங்க, இன்ஜின் ஆஃப்ல பன்னெண்டரை பக்கம், ஓடுறப்போ 14 பக்கம், மைனஸ் போட்டு காட்டுச்சுன்னா மாத்திப் போட்டிருக்கீங்க. சாவி ஆன் பண்ணி எர்த்துல இருந்து 6, 14 ரெண்டையும் பாத்தா ரெண்டரை வோல்ட் பக்கத்துல நிக்கும், 6 கொஞ்சம் மேல, 14 கொஞ்சம் கீழ. இன்னும் சந்தேகம்னா பேட்டரி மைனஸ கழட்டிட்டு வண்டி சாக்கெட்லயே 6க்கும் 14க்கும் ஓம்ஸ் பாருங்க, அப்புறம் எக்ஸ்டென்ஷன் முனைல பாருங்க, முதல்ல 60 காட்டினா இங்கயும் 60தான் காட்டணும், மீறினா அரை ஓம்ஸ் ஒரு ஓம்ஸ் கூடும். கேட்வே, அதாவது சாக்கெட்டுக்கும் வண்டியோட கேனுக்கும் நடுவுல ஒரு மாடியூல், இருக்குற வண்டில முதல் நம்பரே வேறயா இருக்கலாம், அது பரவால்ல, ரெண்டு இடத்துலயும் ஒரே நம்பர் வருதான்னுதான் கேள்வி.

சில ஸ்கேனர்ல கேபிள் ஸ்கேனர் பக்கம் டிபி15 பிளக்கோட வரும், ரெண்டு ஸ்க்ரூ வச்சு முறுக்குறது. அந்தப் பக்கம் நீட்டிக்கலாமான்னா நீட்டலாம், 1க்கு 1, 2க்கு 2ன்னு நேருக்கு நேரா போகுற எக்ஸ்டென்ஷனா இருந்தா போதும். பழைய மானிட்டர் கேபிள எடுத்துட்டு வந்து குத்திப் பாக்காதீங்க, அதுலயும் 15 பின்னுதான், ஆனா மூணு வரிசை, டிபி15ல ரெண்டு வரிசை. மூணு வரிசை பிளக்கே வச்சிருக்குற ஸ்கேனரா இருந்தாலும் மானிட்டர் கேபிள் வேண்டாம், சிலதுல ஒரு பின்னே இருக்காது, எர்த் எல்லாத்தையும் உள்ளயே ஒண்ணா சேத்தும் இருப்பான். என்னைக் கேட்டா டிபி15ல எந்த பின் எதுக்குன்னு கம்பெனிக்கு கம்பெனி மாறுறதால ஓபிடி பக்கம் நீட்டுறதுதான் நிம்மதி.

லாரி, பஸ் பாக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. 24 வோல்ட் வண்டி சாக்கெட்ல நடு பள்ளம் ரெண்டா பிரிஞ்சு நடுவுல தடுப்பு இருக்கும், 12 வோல்ட் பிளக் உள்ள போகாது. போகக்கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்கான். அரத்தால ராவி உள்ள தள்ளி ஸ்கேனரப் பொசுக்கினவரை எனக்குத் தெரியும். பிஎஸ்6 பைக்குல எல்லாம் பெரும்பாலும் ஆறு பின் சின்ன கனெக்டர், அதுக்கு அடாப்டர் போட்டுட்டு அதுக்கப்புறம் இதே எக்ஸ்டென்ஷன சேக்கலாம். புது ஹை எண்ட் கார்ல ஈதர்நெட் வழியா டயக்னோஸ்டிக் பேசுற வண்டின்னா 8ம் பின்னும் வேணும், அதுக்கு 16 பின்னும் போட்ட நல்ல கேபிள் தனியா வச்சுக்கோங்க, இந்தப் பத்து ஒயர் கதை அங்க போதாது.

யூஸ் பண்றப்போ. கேபிள டிரைவர் டோர் ஜன்னல் வழியா வெளிய எடுத்து ஃபெண்டர் மேல ஒரு துணி போட்டு அது மேல விடுங்க, கதவு இடுக்குல விட்டு சாத்தாதீங்க. ரேடியேட்டர் ஃபேன் பக்கம் கேபிள் தொங்கவே கூடாது, சில வண்டில இன்ஜின ஆஃப் பண்ணிட்டாலும் சூடு இருந்தா ஃபேன் திடீர்னு சுத்தும். என் முதல் கேபிள் அப்படித்தான் போச்சு, ஒரு வீச்சுல ஸ்பைரலோட சேத்து இழுத்து சாக்கெட்ட பிச்சிட்டு வந்துடுச்சு, கை அங்க இல்லாதது புண்ணியம். வண்டி சாக்கெட் மேல கேபிளோட வெயிட் தொங்கவும் விடாதீங்க, பிளக்ல இருந்து ஒரு சாண் தள்ளி வெல்க்ரோ போட்டு பக்கத்துல ஏதாவது பிராக்கெட்ல கட்டிடுங்க, இல்லைனா சாக்கெட் உள்ள இருக்குற டெர்மினல் விரிஞ்சு அடுத்து வர்றவன் எதக் குத்தினாலும் லூசா இருக்கும்.

இத மாட்டிக்கிட்டு டெஸ்ட் டிரைவ் மட்டும் போகாதீங்க. மூணு மீட்டர் கேபிள் காலடில சுருண்டு கெடக்கும், பிரேக்குக்கு அடியில போய் மாட்டினா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா. ஓட்டிப் பாக்கணும்னா எக்ஸ்டென்ஷனக் கழட்டிட்டு ஸ்கேனரோட சொந்த கேபிள், பக்கத்து சீட்ல ஆள். ஈசியூ ப்ரோகிராமிங், சாவி கோடிங் எதுக்கும் இந்தக் கேபிள் கிடையாது, நேரா குத்துங்க, பாதில லிங்க் போச்சுன்னா கோடு பாக்குறப்போ திரும்ப அழுத்திக்கலாம், ப்ளாஷ் பண்றப்போ ஈசியூவே போயிடும். அப்புறம் ஸ்கேனர்ல யு0100 மாதிரி கம்யூனிகேஷன் கோடு வந்தா உடனே நம்பாதீங்க, கோட அழிச்சுட்டு எக்ஸ்டென்ஷன் இல்லாம ஒரு தடவை நேரா குத்தி, அப்பவும் வருதான்னு பாத்துட்டுதான் கஸ்டமர்கிட்ட வாயத் திறக்கணும்.

வேலை முடிஞ்சதும் கேபிள முழங்கைல சுத்தி இறுக்காதீங்க, பெரிய வளையமா விட்டு ஆணில மாட்டிடுங்க. நான் மாசம் ஒரு தடவை பீப் போட்டு பிளக் கழுத்த ஆட்டிப் பாப்பேன், என்னோடது இப்போ மூணாவது வருஷம், மாத்தினது ஒரே ஒரு பியூஸ், அதுவும் பையன் ஸ்க்ரூட்ரைவர சாக்கெட்டுக்குள்ள விட்டதால.